குழந்தைப் புற்றுநோயும் குடும்ப மீள்திறனும்: சிகிச்சைக் காலமும் அதன் பின்னும்

ஆய்வுச் சுருக்கம்

குழந்தைப் புற்றுநோய்ச் சிகிச்சை பல மாதங்கள் முதல் சில ஆண்டுகள் வரை நீள்வது. அக்காலத்தில் மருந்து கொடுத்தல், பயணம், உணவு, தொற்றுத் தடுப்பு, செலவு எனப் பெரும்பாலான பணிகளைக் குடும்பமே ஏற்கிறது. இச்சுமையைத் தாங்கி, தன்னை மாற்றியமைத்துக்கொண்டு தொடர்ந்து இயங்கும் ஆற்றலைக் 'குடும்ப மீள்திறன்' என்று உளவியலாளரும் சமூகப்பணியியலாளரும் குறிக்கின்றனர். இக்கருத்தின் வரலாற்றையும் கூறுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் இரத்தப் புற்றுநோயை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு, தமிழகக் குடும்பச் சூழலில் அக்கூறுகள் செயற்படும் விதத்தை ஆராய்கிறது. மீள்திறன் என்பது சில குடும்பங்களுக்கு இயல்பாக வாய்த்த குணம் அன்று. அன்றாட நடைமுறைகளாலும் வெளி ஆதரவாலும் உருவாவது என்பதும், சிகிச்சை முடிந்த பின்னரே அது மிகுதியாகச் சோதிக்கப்படுகிறது என்பதும் இக்கட்டுரையின் மையக் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: குழந்தைப் புற்றுநோய், குடும்ப மீள்திறன், பராமரிப்புச் சிகிச்சை, சிகிச்சையைக் கைவிடல், உடன்பிறந்தோர், பின்விளைவுகள், துயர் ஆற்றுதல்.

1. முன்னுரை

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, ஆண்டுதோறும் ஏறத்தாழ 4,00,000 குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் புற்றுநோய்க்கு ஆளாகின்றனர். வருவாய் மிக்க நாடுகளில் இவர்களில் 80 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் குணமடைகின்றனர். வருவாய் குறைந்த, நடுத்தர வருவாயுள்ள நாடுகள் பலவற்றில் இது 30 விழுக்காட்டிற்கும் குறைவு. இவ்விடைவெளியைக் குறைத்து, 2030-க்குள் உலக அளவில் குறைந்தது 60 விழுக்காட்டுக் குழந்தைகளையேனும் பிழைக்கச் செய்வதை நோக்கமாகக் கொண்டு 2018-இல் அந்நிறுவனம் ஓர் உலகளாவிய முயற்சியைத் தொடங்கியது.

இவ்விடைவெளிக்குரிய காரணங்களாக நோயைக் கண்டறியாமை, காலந்தாழ்த்திக் கண்டறிதல், மருத்துவம் எட்டாமை, மருந்தின் நச்சு விளைவு, நோய் மீளத் தோன்றுதல் ஆகியவற்றோடு 'சிகிச்சையைக் கைவிடல்' என்பதும் சுட்டப்படுகிறது. குணப்படுத்தும் நோக்கில் தொடங்கிய சிகிச்சையைத் தொடராமல் நிறுத்திவிடுவதே கைவிடல். தொடர்ந்து நான்கு வாரங்கள் அல்லது அதற்கு மேல் சிகிச்சைக்கு வாராதிருத்தல் இதற்குரிய அளவுகோலாகப் பன்னாட்டு அளவில் கொள்ளப்படுகிறது. ஏனைய காரணங்கள் பெரிதும் மருத்துவமனையையும் மருந்தையும் சார்ந்தவை. கைவிடல் குடும்பத்திற்குள் எடுக்கப்படும் முடிவு. ஆயினும் குடும்பத்தால் மட்டும் எடுக்கப்படும் முடிவு அன்று. கடன், தொலைவு, வேலையிழப்பு, உறவினரின் அறிவுரை, வீட்டில் விடப்பட்ட மற்றொரு குழந்தையின் நிலை ஆகிய யாவும் அம்முடிவில் கலந்துள்ளன. ஆகவே குழந்தை பிழைப்பதற்கும் குடும்பம் தாங்கி நிற்பதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. இத்தொடர்பே குடும்ப மீள்திறனை மருத்துவ முக்கியத்துவம் உடைய ஆய்வுப் பொருளாக்குகிறது.

2. சொல்லும் பொருளும்

வளைத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் பொருளின் தன்மையைக் குறித்த மேலைநாட்டுச் சொல், பின்னர் மனித வாழ்வுக்கும் உரியதாயிற்று. அதற்குத் தமிழில் 'மீள்திறன்', 'தாங்குதிறன்', 'மீண்டெழும் ஆற்றல்' எனப் பல ஆக்கங்கள் வழங்குகின்றன. இவை ஒவ்வொன்றும் வேறு அழுத்தம் உடையவை. 'தாங்குதிறன்' சுமையை நினைவூட்டுகிறது, மாற்றத்தைச் சுட்டவில்லை. 'மீண்டெழும் ஆற்றல்' முன்னர் ஒரு வீழ்ச்சி நிகழ்ந்ததாகக் கொள்கிறது.

'மீள்' என்னும் வினைக்குத் திரும்புதல் என்பது ஒரு பொருள்; துன்பத்திலிருந்து விடுபடுதல் என்பது மற்றொரு பொருள். குழந்தைப் புற்றுநோயைக் கடந்த குடும்பம் முதற்பொருளில் மீள்வதில்லை. நோய்க்கு முந்தைய வருமானமும் உறவுகளும் அச்சமற்ற உறக்கமும் இருந்தவாறே திரும்புவதில்லை. இரண்டாம் பொருளில் அக்குடும்பம் மீளலாம்: நோய் நிகழ்ந்ததை ஏற்று, அதனால் ஆட்டுவிக்கப்படாத ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொள்ளலாம். குடும்ப மீள்திறன் ஆய்வின் முன்னோடியான ஃப்ரோமா வால்ஷ், இதனைப் பின்னோக்கித் திரும்புதல் என்று கொள்ளாமல் முன்னோக்கி எழுதல் என்று கொள்ள வேண்டும் என வலியுறுத்துவதும் இப்பொருளிலேயே. இக்கட்டுரையில் 'மீள்திறன்' என்னும் சொல் இவ்விரண்டாம் பொருளில் ஆளப்படுகிறது.

3. கருத்தாக்கத்தின் வளர்ச்சி

3.1 குடும்ப நெருக்கடிக் கோட்பாடுகள்

குடும்ப நெருக்கடி பற்றிய முறையான ஆய்வு போர்ச் சூழலில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் பிரிந்து பின் ஒன்றுசேர்ந்த அமெரிக்கப் படைவீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்த ரூபன் ஹில், 1949-இல் ஒரு வாய்பாட்டை முன்வைத்தார். நெருக்கடி தரும் நிகழ்வு, குடும்பத்திடம் உள்ள வளங்கள், அந்நிகழ்வுக்குக் குடும்பம் தரும் பொருள் ஆகிய மூன்றும் சேர்ந்தே நெருக்கடியின் கடுமையை முடிவுசெய்கின்றன என்பது அதன் சாரம். ஒரே நோய் இரு குடும்பங்களை வெவ்வேறாகப் பாதிப்பதற்கான விளக்கம் இதனால் கிடைத்தது.

1983-இல் ஹாமில்டன் மெக்கபினும் ஜோன் பேட்டர்சனும் இதனை விரிவாக்கினர். நெருக்கடி ஒரு நாளில் முடிவதில்லை. முதல் நிகழ்வின் மேல் அடுத்தடுத்த சுமைகள் குவிகின்றன என்பது அவர்கள் சேர்த்த கருத்து. குழந்தைப் புற்றுநோய்க்கு இச்'சுமைக் குவிவு' மிகப் பொருந்துகிறது. நோயறிதல் முதற்சுமை, தந்தையின் வேலையிழப்பு இரண்டாவது, நகை அடகு மூன்றாவது, மூத்த பிள்ளையின் படிப்பு தடைப்படுதல் நான்காவது. குடும்பம் முறிவது பெரும்பாலும் முதற்சுமையால் அன்று.

தனிமனிதனின் மீள்திறனிலிருந்து வேறுபடுத்தி, குடும்பத்தை ஓர் அலகாகக் கொண்டு ஆராயும் சட்டகத்தை வால்ஷ் 1990-களில் உருவாக்கினார். நம்பிக்கை முறை, குடும்ப அமைப்பு, உரையாடல் என்னும் மூன்று தளங்களில் மீள்திறன் இயங்குகிறது என்பது அவர் கருத்து. இக்கட்டுரையின் ஐந்தாம் பகுதி இச்சட்டகத்தைப் பின்பற்றுகிறது.

3.2 'பின்' என்னும் காலம் உருவான வரலாறு

1940-கள் வரை குழந்தைகளின் தீவிர இரத்தப் புற்றுநோய் சில வாரங்களிலோ மாதங்களிலோ மரணத்தில் முடிந்தது. பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் 1947-48-இல் அமினோப்டெரின் என்னும் மருந்தால் முதன்முறையாகத் தற்காலிக நோய்த்தணிவை ஏற்படுத்தினார். அம்மருந்து கிடைக்கக் காரணமாயிருந்த ஆய்வுக் குழுவுக்குத் தலைமை வகித்தவர், சென்னையில் மருத்துவம் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ். 1962-இல் மெம்ஃபிஸ் நகரில் தொடங்கப்பட்ட செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்டு பிங்கெல் வகுத்த முழுமைச் சிகிச்சைத் திட்டங்கள், அப்பத்தாண்டின் இறுதிக்குள் ஏறத்தாழப் பாதிக் குழந்தைகளை நீண்டகாலம் வாழச் செய்தன.

இந்தியாவில் இம்மாற்றம் 1980-களில் வேரூன்றியது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம், 1954-இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிலையம் ஆகிய மூன்றும், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் ஒத்துழைப்புடன் 'எம்.சி.பி. 841' என்னும் பொதுச் சிகிச்சை நெறிமுறையைக் கையாண்டன. ஐந்தில் ஒரு குழந்தை பிழைப்பதே அரிது என்றிருந்த நிலை, ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் பிழைக்கும் நிலைக்கு உயர்ந்தது. அக்குழந்தைகளோடு 'சிகிச்சைக்குப் பின்' என்னும் புதிய காலமும் குடும்பங்களுக்கு வாய்த்தது. தொடக்ககால உளவியல் ஆய்வுகள் வரப்போகும் இழப்புக்குப் பெற்றோர் எவ்வாறு ஆயத்தமாகின்றனர் என்றே வினவின. ஜெரால்டு கூச்சரும் ஜான் ஓமாலியும் 1981-இல் வெளியிட்ட நூல் வினாவையே மாற்றியது: பிழைத்தவர் எவ்வாறு வாழ்கின்றனர்? தலைக்கு மேல் ஒற்றை மயிரிழையில் வாள் தொங்க, விருந்தில் அமர்ந்திருந்த கிரேக்கக் கதைமாந்தன் டாமக்ளிஸின் பெயரையே அவர்கள் நூலுக்குச் சூட்டினர்.

4. சிகிச்சைக் காலத்தில் குடும்பத்தின் பணி

மருத்துவமனைகளில் 'ஏ.எல்.எல்.' என வழங்கப்படும் இரத்தப் புற்றுநோய் குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வகையாகும். இரண்டு முதல் ஐந்து வயது வரையிலான பருவத்தில் இது மிகுதி. இதன் சிகிச்சை ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீள்கிறது. முதற்கட்டத்தில் நான்கைந்து வாரங்கள் தீவிர மருந்துகள் தரப்பட்டு நோயணுக்கள் குறைக்கப்படுகின்றன. அடுத்த சில மாதங்கள் அந்நிலையை உறுதிப்படுத்தும் தீவிரக் கட்டங்கள். அதன்பின் ஓராண்டுக்கும் மேலாக வீட்டிலிருந்தே மாத்திரைகள் உட்கொள்ளும் பராமரிப்புச் சிகிச்சை.

கள்ளக்குறிச்சி அருகே ஒரு சிற்றூரில் வாழும் கூலித் தொழிலாளர் குடும்பம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கற்பனை செய்துகொள்ளலாம். நான்கு வயதுக் குழந்தைக்குச் சென்னையில் சிகிச்சை. 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. தாய் குழந்தையுடன் சென்னையில் தங்குகிறாள். தந்தை ஊருக்கும் சென்னைக்கும் அலைகிறார். அலையும் நாள்களில் கூலி இல்லை. ஏழு வயது அக்காள் ஆத்தாவின் பொறுப்பில் விடப்படுகிறாள். மருந்துச் செலவை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்கக்கூடும். பேருந்துக் கட்டணம், வாடகை, சத்துணவு, இழந்த கூலி ஆகியவற்றைக் குடும்பமே ஏற்க வேண்டும். மருத்துவம் இலவசம் என்பதும் நோய் செலவற்றது என்பதும் ஒன்றல்ல.

செலவுக்கு அப்பால் குடும்பம் புதிய அறிவையும் பெற வேண்டியுள்ளது. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் குழந்தைக்கு வரும் காய்ச்சல் அவசர நிலை என்பதைத் தாய் அறிய வேண்டும். காய்ச்சலுக்குக் கைவைத்தியம் பார்த்து விடியும்வரை காத்திருக்கும் வழக்கம் இங்கு உயிருக்கே தீங்காகலாம். தட்டணுக் கொடையாளரைத் தேடுதல், இரத்தப் பரிசோதனைத் தாளில் எண்ணிக்கைகளைப் படித்தல், கொதித்தாறிய நீரையும் புதிதாகச் சமைத்த உணவையும் தருதல், காதுகுத்துக்கும் திருமணத்திற்கும் குழந்தையை அழைத்துச் செல்லாதிருத்தல் ஆகியன அடுத்தடுத்துக் கற்கப்படுகின்றன. உறவினர் வீட்டு நிகழ்ச்சிக்குப் போகாமை மனத்தாங்கலுக்கு இடமளிக்கும் சமூகத்தில், தொற்றுத் தடுப்பும் உறவுச் சிக்கலாகிறது.

5. மீள்திறனின் மூன்று தளங்கள்

5.1 நம்பிக்கை: நோய்க்குத் தரப்படும் பொருள்

'ஏன் என் குழந்தைக்கு?' என்னும் வினா தவிர்க்க முடியாதது. பெரும்பாலான குழந்தைப் புற்றுநோய்களுக்குப் பெற்றோரின் செயலோ உணவோ காரணமல்ல என்பது மருத்துவம் தரும் விடை. முன்வினை, கண்ணேறு, கிரக நிலை, கருவுற்ற காலத்தில் தாய் காத்த அல்லது காவாத விலக்குகள் எனச் சமூகம் வேறு விடைகளை வைத்திருக்கிறது. இவற்றுள் தாயைக் குற்றவாளியாக்கும் விடைகள் அவளது ஆற்றலைக் குறைக்கின்றன. கடவுள் நம்பிக்கையோ வேண்டுதலோ இதைப் போன்றதன்று. 'மருத்துவரும் பார்க்கட்டும், முருகனும் பார்க்கட்டும்' என்னும் மனநிலை சிகிச்சையோடு முரண்படுவதில்லை. காத்திருக்கும் வலிமையைத் தருகிறது. சிகிச்சையை நிறுத்தி வேண்டுதலை மட்டும் நம்பச் சொல்லும் அறிவுரையே தீங்கானது.

மருந்தால் முடி உதிர்ந்த குழந்தையைப் பார்ப்போர் எந்தக் கோயிலில் மொட்டை என்று வினவுவது இங்கு இயல்பு. சில குடும்பங்களுக்கு இது நோயை மறைக்கக் கிடைத்த திரை. சிலருக்கு அவ்வினாவே ஆறுதல். ஒரே அடையாளத்திற்கு நோயெனவும் வேண்டுதலெனவும் இரு பொருள் தரும் பண்பாடு, குடும்பத்திற்கு எவ்வாறு இடமளிக்கிறது என்பதற்கு இது சான்றாகும்.

5.2 அமைப்பு: நாள்தோறும் ஒரு மாத்திரை

மீள்திறனைப் பற்றிய விவாதங்களில் மன உறுதி மிகுதியும் பேசப்படுகிறது; ஒழுங்கு குறைவாகவே பேசப்படுகிறது. பராமரிப்புச் சிகிச்சையில் மெர்காப்டோபியூரின் என்னும் மாத்திரையைக் குழந்தை நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். குப்பி திறக்கப்படும் ஒவ்வொரு முறையையும் பதிவுசெய்யும் மின்னணு மூடியைக் கொண்டு, அமெரிக்காவில் ஸ்மிதா பாட்டியாவும் குழுவினரும் இதனை ஆராய்ந்தனர். வேண்டிய அளவில் 95 விழுக்காட்டிற்கும் குறைவாக மாத்திரை உட்கொண்ட குழந்தைகளிடம் நோய் மீளத் தோன்றும் வாய்ப்பு கூடியிருந்தது. முப்பது நாளில் இரண்டு நாள் தவறினாலே இந்த எல்லை கடக்கப்பட்டுவிடும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரவு எட்டு மணிக்கு மாத்திரை கொடுப்பவர் யார்? தாய் காய்ச்சலாகக் கிடந்தால் யார்? திருவிழாவுக்கு ஊருக்குப் போனால் மாத்திரை யாருடைய பையில் உள்ளது? அது தீரும் முன் வாங்கி வருபவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை வைத்திருக்கும் குடும்பமே மீள்திறன் உடையது. குழந்தை நலமாக ஓடியாடும் காலத்தில் மாத்திரை தேவையற்றதாகத் தோன்றுவதே இக்கட்டத்தின் இடர். ஒரே ஒருவர் மீது முழுப்பொறுப்பும் சாய்ந்திருக்கும் வீட்டில் அவர் தளரும் நாளில் அனைத்தும் தளர்கின்றன. தந்தையோ தாத்தாவோ சித்தியோ இரண்டாம் பொறுப்பாளராகப் பழக்கப்படுத்தப்பட வேண்டும். நாட்காட்டியில் தேதி கிழிக்கும்போது மாத்திரையைக் கொடுத்ததற்கு ஒரு குறி இடுதல் போன்ற எளிய பழக்கம்கூட மீள்திறனின் பருவடிவம்தான்.

அமைப்பின் மற்றொரு சோதனை, வளங்கள் யாருக்குப் பகிரப்படுகின்றன என்பது. இந்தியாவில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வரும் குழந்தைகளுள் சிறுமியர் எதிர்பார்க்கப்படும் அளவினும் குறைவாகவே உள்ளனர் என்பதை மருத்துவமனைப் பதிவுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. இதனை உயிரியற் காரணத்தால் மட்டும் விளக்க இயலாது. ஒரு குடும்பத்தின் மீள்திறன் மகனுக்காக ஒன்றாகவும் மகளுக்காக வேறாகவும் வெளிப்படுமாயின், அத்திறனைப் போற்றுவதற்கு முன் அதன் அறத்தையும் வினவுதல் ஆய்வாளர் கடன்.

5.3 உரையாடல்: சொல்லாமையின் விலை

பல வீடுகளில் 'புற்றுநோய்' என்னும் சொல்லே ஒலிப்பதில்லை. 'கட்டி', 'இரத்தக் கோளாறு', 'அந்த நோய்' என்று சுற்றி வளைத்துக் கூறப்படுகிறது. குழந்தையின் காதில் விழக்கூடாது என்னும் அன்பே இதற்குக் காரணம். ஆனால் குழந்தை அறியாமல் இருப்பதில்லை. மைரா புளூபாண்ட்-லாங்னர் 1978-இல் வெளியிட்ட இனவரைவியல் நூல், அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் இரத்தப் புற்றுநோயுற்ற சிறு குழந்தைகளை ஆராய்ந்தது. யாரும் சொல்லாமலே அக்குழந்தைகள் தம் நோயின் தன்மையையும் முடிவையும் அறிந்திருந்தனர். பெற்றோர் வருந்துவர் என்று அறியாதவர்போல் இருந்தனர். இருபுறமும் நடிக்கப்படும் இம்மௌனத்தில், குழந்தை தன் அச்சத்தைத் தனியே சுமக்கிறது.

எதைச் சொல்வது என்பதைக் காட்டிலும், குழந்தை கேட்கும்போது அதன் வயதுக்கேற்ப உண்மையாக விடையளிப்பதே முதன்மையானது. 'ஊசி வலிக்காது' என்பதற்கு மாறாக 'கொஞ்சம் வலிக்கும், அம்மா கையைப் பிடித்துக்கொள்' என்னும் விடை, அடுத்த ஊசிக்கும் குழந்தையின் நம்பிக்கையைக் காக்கிறது.

உடன்பிறந்தோரும் இவ்வுரையாடலுக்கு உரியவர். முன்னர்க் குறித்த ஏழு வயது அக்காள், தம்பியை நோய்க்கு உள்ளாக்கியது தன் சண்டையோ என்று எண்ணக்கூடும். அவளை 'சமத்து' என்று எல்லோரும் பாராட்டும்போது, எதையும் கேளாதிருக்கும்படி அவள் மறைமுகமாகப் பயிற்றப்படுகிறாள். வாரம் ஒருமுறையேனும் அவளோடு மட்டும் பேசும் தொலைபேசி அழைப்பு சிறிய செயல். அவள் அக்குடும்பத்தின் உறுப்பினர் என்பதை அது உறுதிசெய்கிறது.

6. சிகிச்சை முடிந்த பின்

இறுதி மாத்திரை நாள் மகிழ்ச்சிக்குரியது என்று உறவினர் கருதுவர். பெற்றோர் பலருக்கு அந்நாள் அச்சத்தின் தொடக்கம். நோயைத் தடுத்துக்கொண்டிருந்த மருந்து நின்றுவிட்டது. அடிக்கடி குழந்தையைப் பார்த்த மருத்துவர் இனி மாதங்கள் கழித்தே பார்ப்பார். ஒரே விடுதியில் தங்கிய பிற தாய்மாரின் துணையும் இல்லை. நெருக்கடியில் செயற்பட்டுக்கொண்டே இருந்தவர்கள், செயல் நின்றதும் நிகழ்ந்ததை முதன்முறையாக உணர்கின்றனர்.

ஆன் கசாக்கும் குழுவினரும் 1990-கள் முதல் நடத்திய ஆய்வுகள் இதற்குச் சான்று. இரத்தப் புற்றுநோயிலிருந்து பிழைத்த குழந்தைகளைக் காட்டிலும் அவர்களுடைய தாய் தந்தையரிடமே பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த அறிகுறிகள் தெளிவாகத் தென்பட்டன. சாதாரணச் சளிக்காய்ச்சலில் நெஞ்சு படபடத்தல், மருத்துவமனைச் சாலையைத் தவிர்த்தல், கிருமிநாசினி மணத்தில் பழைய காட்சிகள் எழுதல் ஆகியன அத்தகையவை. இவ்வறிகுறிகள் பலவீனத்தின் அடையாளம் அல்ல. மீள்திறன் உடைய குடும்பத்திலும் இவை இருக்கும். மீள்திறனும் துன்பமும் ஒன்றையொன்று விலக்குவன என்னும் எண்ணம் திருத்தப்பட வேண்டியது. பெற்றோர், பிழைத்த குழந்தை, உடன்பிறந்தோர் ஆகியோரைப் பல குடும்பங்களோடு ஒருசேர அமர்த்தி, ஒரே நாளில் நான்கு அமர்வுகளாக உரையாடச் செய்யும் முறை ஒன்றையும் அக்குழு உருவாக்கிச் சோதித்தது. அதன் அடிப்படை எளியது: நிகழ்ந்ததை மாற்ற இயலாது, அதைப் பற்றிய எண்ணத்தையும் அதற்குக் குடும்பத்தில் தரப்படும் இடத்தையும் மாற்றலாம்.

குழந்தையின் உடலும் சிகிச்சையின் சுவடுகளைத் தாங்குகிறது. சில மருந்துகள் பல ஆண்டுகளுக்குப் பின் இதயத்தைப் பாதிக்கலாம். தலைக்குத் தரப்பட்ட கதிர்வீச்சு நினைவாற்றலையும் கற்றலையும் பாதிக்கலாம். ஆகவே நீண்டகாலத் தொடர்கண்காணிப்பு தேவை. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 1991 முதல் இதற்கெனத் தனி மருத்துவப் பிரிவு இயங்குகிறது. இங்குக் குடும்பம் எதிர்கொள்ளும் இக்கட்டு நுட்பமானது. நோயை மறக்க விழையும் குடும்பம் தொடர்கண்காணிப்பை விட்டுவிடுகிறது. மறக்கவே இயலாத குடும்பம் குழந்தையை விளையாட்டுக்கும் அனுப்புவதில்லை. எச்சரிக்கையை ஆண்டுக்குச் சில நாள்களுக்கு உரியதாக்கி, ஏனைய நாள்களைக் குழந்தைப் பருவத்திற்குத் திருப்பித் தருதலே இடைப்பட்ட வழி.

பள்ளிக்குத் திரும்புதல் இதன் முதற்படி. இரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பின் தன்னினும் இளையோருடன் அமரும் குழந்தைக்கு, நோய் தொற்றக்கூடியது அன்று என்பதை அறிந்த ஆசிரியர் தேவை. பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு சோதனை பிற்காலத்தில் காத்திருக்கிறது. வரன் பார்க்கும்போது நோயை மறைப்பதா, சொல்வதா? மறைத்தால் மருத்துவக் கோப்பும் மறைகிறது. மகப்பேற்றுக் காலத்தில் இதயத்தைக் கவனிக்க வேண்டிய மருத்துவருக்கும் செய்தி எட்டாமல் போகலாம். குடும்பத்தின் மானத்தைக் காக்கும் மௌனம் மகளின் உடல்நலத்தைக் காப்பதில்லை.

7. குழந்தையை இழந்த குடும்பங்கள்

மீள்திறனைப் பற்றிப் பேசுவோர் பிழைத்த குழந்தையின் குடும்பத்தோடு நின்றுவிடுதல் பெருங்குறை. 'பின்' என்னும் சொல் குழந்தையை இழந்த குடும்பங்களுக்கும் உரியது. சுவீடனில் 1990-களில் புற்றுநோயால் குழந்தையை இழந்த பெற்றோரிடம் கிரெய்க்பெர்க்ஸும் குழுவினரும் நடத்திய ஆய்வு 2004-இல் வெளியாயிற்று. மரணம் பற்றிக் குழந்தையிடம் பேசிய பெற்றோர் 147 பேர். அவருள் ஒருவரும் பேசியதற்காக வருந்தவில்லை. பேசாத 258 பேருள் 69 பேர் பேசாமைக்காக வருந்தினர். பேசாதோருள் பெரும்பான்மையினர் வருந்தவில்லை என்பதும் இதில் கவனிக்கத்தக்கது. எனவே எல்லோரும் பேசியாக வேண்டும் என்பது இதன் முடிவன்று. பேச விழையும் பெற்றோரை 'குழந்தை தாங்காது' என்று தடுத்தல் தகாது என்பதே முடிவு.

தமிழ்ச் சமூகத்தில் பெரியோர் இறப்புக்கு ஒப்பாரி, பதினாறாம் நாள், ஆண்டுத் திதி எனத் துயரை ஊரே பகிரும் வடிவங்கள் உண்டு. சிறு குழந்தையின் இறப்புக்குப் பல சமூகங்களில் சடங்குகள் சுருங்கிவிடுகின்றன. விரைவில் மறந்து அடுத்த குழந்தையைப் பெறுமாறு தாய்க்கு அறிவுரை கூறப்படுகிறது. பகிர்வதற்கு வடிவம் இல்லாத துயர் தனித்துக் கிடக்கிறது. இந்நிலையில், சிகிச்சை அளித்த மருத்துவமனையிலிருந்து வரும் ஒரு தொலைபேசி அழைப்பே, குழந்தை மறக்கப்படவில்லை என்பதைப் பெற்றோருக்கு உணர்த்தும். குழந்தையின் பெயரைச் சொல்ல இடம் இருக்கும் வீட்டில் உடன்பிறந்தோரும் அஞ்சாமல் அழ முடிகிறது.

8. புகழ்ச்சியும் பொறுப்பும்

'அவள் இரும்பு மனுஷி. எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டாள்' என்று தாயைப் புகழ்தல் வழக்கம். இப்புகழ்ச்சியில் இரு தீங்குகள் உள்ளன. தாங்க இயலாத நாளில் உதவி கேட்பது அவளுக்கு இழுக்காகிறது. சிகிச்சையைக் கைவிட்ட குடும்பம் மன உறுதியற்றதென்று பழிக்கப்படுகிறது. உண்மையில் அக்குடும்பத்திற்கு இல்லாதிருந்தது தங்குமிடமாகவோ, இரண்டாம் பொறுப்பாளராகவோ, பேருந்துக் கட்டணமாகவோ இருக்கலாம்.

ஆகவே குடும்ப மீள்திறன் நிறுவனங்களின் கடமையைக் குறைப்பதற்கான காரணமாகக் கொள்ளப்படலாகாது. 2015-இல் வெளியிடப்பட்ட குழந்தைப் புற்றுநோய் உளச்சமூகப் பராமரிப்புத் தரநெறிகள் பதினைந்தும் இக்கடமையை வரையறுக்கின்றன. குடும்பத்தின் பொருளாதார இடரை மதிப்பிடுதல், உடன்பிறந்தோருக்கு ஆதரவு, பள்ளிக்குத் திரும்ப உதவுதல், மருந்தொழுங்கைக் கண்காணித்தல், இறப்புக்குப் பின் குடும்பத்தைத் தொடர்புகொள்ளுதல் ஆகியன அவற்றுள் அடங்கும். கசாக் வகுத்த மூன்றடுக்கு மாதிரி, இக்கடமையை வரையறுத்த வளங்களுக்குள் நிறைவேற்ற வழிகாட்டுகிறது: எல்லாக் குடும்பங்களுக்கும் தகவலும் பொது ஆதரவும், இடர் மிக்க குடும்பங்களுக்குக் கூடுதல் கவனம், கடுந்துயரில் உள்ள சிலருக்கு உளநலச் சிகிச்சை. உளவியலாளர் குறைவாக உள்ள நம் மருத்துவமனைகளில் முதலடுக்கைச் செவிலியரும் சமூகப்பணியாளரும் முன்னர் இவ்வழி நடந்த பெற்றோரும் இணைந்து தாங்க முடியும். 2006-இல் மும்பையில் தொடங்கப்பட்டுச் சென்னை உள்ளிட்ட நகரங்களுக்கும் விரிந்த செயின்ட் ஜூட் இந்தியா குழந்தைப் பராமரிப்பு மையங்கள், சிகிச்சைக்கு வரும் குடும்பங்களுக்கு இலவசத் தங்குமிடம் அளிக்கின்றன. இது மீள்திறனுக்கு வெளியிலிருந்து இடப்படும் அடித்தளம்.

9. முடிவுரை

குழந்தைப் புற்றுநோயை எதிர்கொள்ளும் குடும்பத்தின் மீள்திறன், நோய்க்குத் தரும் பொருளிலும் பொறுப்புகளைப் பகிரும் ஒழுங்கிலும் உண்மையைப் பேசும் துணிவிலும் அமைந்துள்ளது. இம்மூன்றும் கற்பிக்கக் கூடியவை. ஆதரவிருந்தால் வளர்பவை, இல்லையேல் தேய்பவை. சிகிச்சைக் காலத்தில் அவை குழந்தை பிழைப்பதற்குத் துணைசெய்கின்றன. சிகிச்சைக்குப் பின் குழந்தையும் உடன்பிறந்தோரும் பெற்றோரும் எவ்வாறு வாழ்வர் என்பதையும் அவையே பெரிதும் உருவாக்குகின்றன.

தமிழில் இத்துறை சார்ந்து செய்யப்பட வேண்டிய பணிகள் பல. சிகிச்சை முடிந்து ஐந்தாண்டும் பத்தாண்டும் கடந்த குடும்பங்களின் வாய்மொழி வரலாறுகளைத் தொகுத்தல், உடன்பிறந்தோரின் அனுபவத்தைத் தனியே ஆராய்தல், குழந்தைக்கு நோயை எடுத்துரைக்கத்தக்க எளிய தமிழ்ச் சொற்களை உருவாக்குதல் ஆகியன அவற்றுள் முதன்மையானவை. 'எத்தனைக் குழந்தைகள் பிழைத்தனர்?' என்னும் கணக்கோடு, 'பிழைத்த குழந்தை திரும்பிச் சென்ற வீடு எந்நிலையில் இருந்தது?' என்னும் வினாவையும் ஆய்வுகள் எழுப்ப வேண்டும். கள்ளக்குறிச்சியில் ஆத்தா வீட்டில் காத்திருந்த அக்காளையும் கணக்கில் கொண்டாலன்றி அவ்வினாவுக்குரிய விடை முழுமை பெறாது.